லேப்டாப் ப்ளக்-இன் போட்டதும் குரல் குழாய்க்குள் போய்விடுகிறதே, ஏன்?

கேள்வி: எங்கள் மெல்லிசைக் குழுவில் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்ஸர் வைத்திருக்கிறோம். பாடகரின் மைக் 1-ஆம் சேனலில் இருக்கிறது. அதை யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கு அனுப்பி, கம்ப்ரெஸரும் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) ரிவெர்பும் (எதிரொலி சேர்ப்பது) ப்ளக்-இன்னாக, அதாவது லேப்டாப்பில் ஓடும் மென்பொருளாகப் போட்டு, 17-ஆம் சேனலில் திரும்ப எடுக்கிறேன். பஃபர் (லேப்டாப் ஒரு தடவையில் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவு) 128 சாம்பிள். இன்-இயரில் (காதுக்குள் வைக்கும் மானிட்டரில்) கேட்கும் பாடகர், "குழாய்க்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்கிறார். வெளியிலும் குரல் மெலிந்து கேட்கிறது. பஃபரை 32-க்கு இறக்கினால் படபடவென்று வெடிக்கிறது. வேறு லேப்டாப் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் 1-ஆம் சேனலின் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளியை) பாருங்கள். அது மெயினில், அதாவது அரங்க ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீட்டில், கொஞ்சமாவது ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளவெடுக்கும்போது, 48 சாம்பிள் என்பது 1 மில்லிசெகண்ட். உங்கள் 128 சாம்பிள் பஃபர் 2.7 மில்லிசெகண்ட், உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை என்று 5.3 ஆகிறது. டிரைவர் தன் பங்குக்குப் பிடித்து வைப்பதையும் சேர்த்து 8 என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஒலி 8 மில்லிசெகண்டில் ஏறக்குறைய ஒன்பதடி போகும். மேடையில் மானிட்டர் ஸ்பீக்கரிலிருந்து ஒன்பதடி தள்ளி நின்று பாடுகிறவர் யாரும் குழாய் என்று புகார் சொல்வதில்லையே! ஆக, 8 மில்லிசெகண்ட் தனியாக நின்றால் ஒரு தொல்லையும் இல்லை. தாமதமான குரலும் தாமதமாகாத அதே குரலும் ஓரிடத்தில் சேரும்போதுதான் குடைச்சல். சில அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 1 மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று பள்ளங்கள் விழும். 8 மில்லிசெகண்டில் 62.5 ஹெர்ட்ஸில் தொடங்கி 125 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம், சீப்புப் பல் போல. இரண்டும் சம அளவில் இருந்தால் பள்ளம் முழு ஆழத்துக்குப் போகும்.

உங்கள் அமைப்பில் இந்தச் சேர்க்கை மூன்று இடங்களில் நடக்கலாம். ஒன்று, மேலே சொன்ன ஃபேடர். 1, 17 இரண்டும் மெயினுக்குப் போனால் மெலிந்த குரல்தான் வரும்.

இரண்டாவது பலர் கண்ணில் படாது: ரிவெர்ப் ப்ளக்-இன்னின் மிக்ஸ் குமிழ். ரிவெர்பைத் தனி சென்டில் (சேனலிலிருந்து பிரித்து அனுப்பும் நகலில்) எடுத்துவிட்டு அந்தக் குமிழை 30 சதவீதத்தில் வைத்தால், எதிரொலியோடு அசல் குரலும் 8 மில்லிசெகண்ட் பின்னால் திரும்பி வரும். சென்டில் போடும் ரிவெர்பின் மிக்ஸ் 100 சதவீதத்தில்தான் இருக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டால் ரிவெர்புக்குத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்குமுன் விடும் இடைவெளி) 8 மில்லிசெகண்ட் கூடியதாக எண்ணிக்கொள்ளலாம். அதனால் ரிவெர்ப், டிலே இரண்டையும் தயங்காமல் லேப்டாப்பில் வைப்பேன். கம்ப்ரெஸரும் ஈக்யூவும் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது) எக்ஸ்32-இலேயே நன்றாக இருக்கின்றன. அவற்றுக்காகக் குரலை வெளியூர் அனுப்ப வேண்டாம் என்பது என் கட்சி.

மூன்றாவது இடம் பாடகரின் தலைக்குள். தன் குரல் மண்டையோட்டு எலும்பு வழியே அவருக்கு உடனடியாகக் கேட்டுவிடுகிறது. இன்-இயரில் அதுவே சற்றுப் பிந்தி வந்தால் சேர்க்கை அங்கேயே நடக்கும். மிக்ஸரில் நீங்கள் எதைத் திருகினாலும் இது போகாது. ஆகவே பாடகரின் இன்-இயருக்கு 1-ஆம் சேனலிலிருந்து, ப்ளக்-இன் படாத குரலை மட்டும் ப்ரீ-ஃபேடராக (ஃபேடரின் நிலை பாதிக்காதபடி) கொடுங்கள். 17 மெயினுக்கு மட்டும். 1 மெயினுக்கு வேண்டாம். ஃபேடரை இறக்கிவைத்தால் கை தவறி ஏறிவிடும், சேனலை மெயினுக்கு அனுப்பும் எல்ஆர் பொத்தானையே அணைத்துவிடுங்கள். மெயினில் 8 மில்லிசெகண்ட் பிந்துவதைப் பற்றிக் கவலை வேண்டாம். 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு ஒலி போய்ச் சேரவே 58 மில்லிசெகண்ட் ஆகிறது.

ஒரு வாத்தியத்துக்கு இரண்டு மைக் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு கச்சேரியில் மிருதங்கத்தின் வலந்தலை மைக்குக்கு மட்டும் ப்ளக்-இன் போட்டு, தொப்பி (இடப்பக்க) மைக்கை நேராக விட்டேன். அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல் வந்தது. கேபிளை மாற்றி, மைக்கை மாற்றி அரைமணி நேரம் போனது, தப்பு என்னுடையது. இரண்டு மைக்கும் இரண்டு பக்கத்தையும் கேட்கின்றன, ஒன்று மட்டும் பிந்தினால் உறவு கெட்டுவிடும். போட்டால் இரண்டையும் அதே வழியில் அனுப்புங்கள், இல்லையென்றால் ப்ளக்-இன் போகாத சேனலுக்கு எக்ஸ்32-இன் சேனல் டிலேயால் அதே தாமதம் கொடுங்கள்.

தாமதத்தை, ஹோஸ்ட் (ப்ளக்-இன்களை ஓட்டும் மென்பொருள்) காட்டும் எண்ணை நம்பாமல் அளந்துவிடுங்கள். ஒரு 'டக்' ஒலியை நேராகவும் லேப்டாப் வழியாகவும் எடுத்து இரண்டையும் ஒரே ரெக்கார்டரில் பதிவு செய்து, பெரிதாக்கி இடைவெளியை எண்ணினால் போதும். எக்ஸ்32-இன் டிலே 0.1 மில்லிசெகண்ட் படியாகத்தான் நகரும், அதாவது ஏறத்தாழ 5 சாம்பிள். தனித்தனி மைக்குகளுக்கு இது போதும். அசல் குரலையும் அழுத்திய குரலையும் கலக்கும் பேரலல் கம்ப்ரெஷனுக்குப் போதாது. பாதிப் படி தவறினாலே 10 கிலோஹெர்ட்ஸில் பள்ளம் விழும். அந்தக் கலவையைப் ப்ளக்-இன்னுக்குள்ளேயே அதன் மிக்ஸ் குமிழால் செய்யுங்கள்.

பஃபர் விஷயம் சுருக்கமாக: 64 நிலையாக ஓடினால் வையுங்கள், இல்லையென்றால் 128. 32-க்காக மல்லுக்கட்ட வேண்டாம். வைஃபையை அணையுங்கள், ஹப் இல்லாமல் நேராகச் செருகுங்கள். லீனியர் ஃபேஸ் ஈக்யூ, லுக்-அஹெட் லிமிட்டர் போன்றவை பஃபருக்கு மேல் தாங்களும் தாமதம் சேர்ப்பவை. அதைவிட மோசம், பல ஹோஸ்டுகள் எல்லா சேனலையும் சமப்படுத்தப் பார்த்து, ஒன்றில் போட்ட ஈக்யூவுக்காக மற்றவற்றையும் பின்னால் தள்ளிவிடும். மேடையில் அவற்றைத் தொடாதீர்கள்.

அப்புறம், லேப்டாப் நடுப்பாட்டில் உறைந்துவிட்டால்? 17-ஐ ம்யூட் செய்துவிட்டு 1-இன் எல்ஆரைப் போட்டு ஃபேடரை ஏற்றுங்கள். பாடகரின் இன்-இயர் முதலிலிருந்தே 1-இல் இருப்பதால் அவருக்கு ஒன்றும் மாறாது.