போர்வெல் குழிக்குள் போய்விட்டது: புதுசு போடவா, பைப்பை உயர்த்தவா?

கேள்வி: தாம்பரம் பக்கம் 1998ல் கட்டிய சொந்த வீடு. ரோடு மேல் ரோடு போட்டு, வாசலில் போர் இருக்கும் சேம்பர் தெருவைவிட இரண்டடி பள்ளத்தில் கிடக்கிறது. மழை வந்தால் தெருத் தண்ணீர் அதில் இறங்கி, குழாயில் கலங்கலும் நாற்றமுமாக வருகிறது. புதிய போருக்கு 2,10,000 ரூபாய் கேட்கிறார்கள். கேசிங் பைப்பை (துளை இடியாமல் தாங்கும் வெளிப் பைப்) உயர்த்தினால் போதும், 38,000 என்கிறார் இன்னொருவர். வங்கியில் 4 லட்சம் எஃப்டி இருக்கிறது. மூன்று வருடத்தில் இரண்டு முடிந்தது, வட்டி 7.1%. உடைக்கவா, 14 சதவீதத்தில் பர்சனல் லோன் வாங்கவா? வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்கிறார் என் தம்பி.
- ஒரு வாசகி

பதில்: தம்பியின் யோசனையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அது பல லட்சத்துச் சமாச்சாரம்.

மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் தெளிவாக, போதுமான அளவு வருகிறதா? வருகிறது என்றால் உங்கள் போரில் ஊற்று கெடவில்லை. கெட்டது மேலே இருக்கும் இரண்டடி மட்டும்தான். அதற்காகப் புதிதாகத் துளை போட 2 லட்சம் கொடுக்க வேண்டாம். போதாக்குறைக்கு, சென்னையிலும் 1987ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்தில் வரும் சுற்றுப்புற ஊர்களிலும் புதிய போருக்கு முன்அனுமதி வேண்டும். அதைப் பற்றி உங்கள் கான்ட்ராக்டர் வாய் திறந்தாரா?

ஒரே ஒரு செலவை மட்டும் முதலில் செய்யுங்கள். போருக்குள் கேமரா இறக்கிப் பாருங்கள். கேசிங் கீழே விரிசல் விட்டிருந்தாலோ, பக்கத்து செப்டிக் டேங்க் கசிந்து இறங்கினாலோ, பைப்பை உயர்த்தும் 38,000 வீண். அப்போது புதிய போரைப் பேசலாம், அதுவும் செப்டிக் டேங்கிலிருந்து தள்ளி.

கேசிங் நன்றாக இருந்தால் வேலை இதுதான். சேம்பரை இடித்து, பழைய பைப்போடு அதே அளவு பைப்பைக் கசியாமல் இணைத்து, போன வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேல் ஓர் அடியாவது உயர்த்த வேண்டும். குழியைக் களிமண் போட்டு இடித்து நிரப்பி, மேலே தண்ணீர் வெளிப்பக்கம் வழிந்து ஓடுகிற மாதிரி காங்கிரீட். மோட்டார் வயர் இறங்கும் துளை உட்பட மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். கடைசியில் குளோரின் போட்டு ஊறவிட்டு, வாசம் போகும் வரை இறைத்துவிட வேண்டும். கொட்டேஷனில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'பைப் உயர்த்தும் வேலை' என்று ஒற்றை வரியில் இருந்தால் திருப்பிக் கொடுத்து விரிவாக எழுதி வாங்குங்கள்.

சரி, பணம். எஃப்டியை உடைக்காதீர்கள். முன்கூட்டி முடிக்க 1% குறைப்பார்கள் என்று வைத்தால், 4 லட்சத்துக்கு இரண்டு வருடக் கணக்கில் சுமார் 8,000 ரூபாய் போகும். 40,000 ரூபாய்க்காக 4 லட்சத்தைக் கலைப்பது கணக்கே இல்லை. அதே வங்கியில் எஃப்டி மேல் கடன் கேளுங்கள். பொதுவாக எஃப்டி வட்டிக்கு மேல் 1 அல்லது 2 சதவீதம்தான். 8.1 சதவீதத்தில் 40,000 எடுத்து மாதம் 5,000 அசலைக் கட்டினால் எட்டு மாதத்தில் முடியும். மொத்த வட்டி 1,200 ரூபாய் சொச்சம். எஃப்டியும் அதன் பாட்டுக்கு வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும். பர்சனல் லோனில் வட்டியும் கூட, பிராசஸிங் கட்டணம் வேறு. பழைய வரி முறையில், வீட்டைப் பழுதுபார்க்க வாங்கும் கடனின் வட்டிக்கு வருடம் 30,000 வரை கழிவு உண்டுதான். ஆனால் 1,200 ரூபாய்க்கு அதைத் துரத்த வேண்டாம்.

அப்புறம் ஒன்று. சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் மேலே போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலரே அறிவுறுத்தியிருக்கிறார். அடுத்த முறை தெருவில் தார் இறங்குவதற்குள் மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இல்லாவிட்டால் உயர்த்திய பைப்பும் சில வருடத்தில் பள்ளத்தில்தான்.

கான்ட்ராக்டருக்கு முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். 10,000 ரூபாயை நிறுத்தி வைத்து, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். 100 மில்லி தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ரிப்போர்ட் அப்படி வந்த பிறகு மீதியைக் கொடுங்கள்.