பிஸ்டலுக்கு வேறு பேரல் போட்டால் லைசென்ஸ் செல்லுமா?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் வசிக்கிறேன். .40 காலிபர் (தோட்டாவின் விட்ட அளவு, அங்குலத்தில்) செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ஒன்று லைசென்ஸுடன் வைத்திருக்கிறேன். 9 மி.மீ. தோட்டா விலை குறைவு என்பதால், பயிற்சிக்காக 9 மி.மீ. மாற்றுப் பேரல் (தோட்டா வெளியேறும் குழல்) வாங்கிப் போடலாம் என்று ஒரு யோசனை. "பேரல் வெறும் ஸ்பேர் பார்ட், யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார் கூடச் சுடும் நண்பர். சரிதானா? இன்னொன்று. இந்தியாவில் என் மச்சானிடம் அவர் அப்பா வழியில் வந்த .30 காலிபர் பிஸ்டல், டோக்கரெவ் என்ற ரஷ்ய வகை, இருக்கிறது. லைசென்ஸும் அவர் பெயருக்கு மாறிவிட்டது. அதற்குத் தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பாம். 9 மி.மீ. பேரல் இங்கே கிடைக்கிறது. அடுத்த முறை போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கொண்டு போகாதீர்கள்.

இந்தியாவின் ஆயுதச் சட்டம், 1959, பிரிவு 2-இல் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் ஆயுதத்தின் பாகங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது. சின்னஞ்சிறு பாகங்களுக்குப் பிரிவு 45-இல் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது, பொருத்திப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத பாகங்களுக்கு மட்டும். நீங்கள் கொண்டு போவதே பொருத்தத்தான். அதுவும் பேரலைச் சின்னப் பாகம் என்று எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது? ஆக, உங்கள் பெட்டியில் இருப்பது சட்டத்தின் கண்ணில் ஆயுதம். அதை நாட்டுக்குள் கொண்டுவர பிரிவு 10-இன்படி உரிமம் வேண்டும்.

இது பாதிக் கதைதான். .30 தோட்டாவுக்கும் 9 மி.மீ. தோட்டாவுக்கும் அடிப்பக்க அகலம் ஏறக்குறைய ஒன்றே, 10 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அதனால்தான் டோக்கரெவ் வகையில் ஸ்லைடைத் (பேரலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) தொடாமல் பேரலை மட்டும் மாற்றிவிட முடிகிறது. மச்சானுக்கு ஆசை வந்ததும் இதனால்தான். ஆனால் ஆயுத விதிகள், தடைசெய்யப்பட்ட பிஸ்டல் எது என்று சொல்லும்போது மேலே பொறித்திருக்கும் எழுத்தையோ கம்பெனியையோ பார்ப்பதில்லை. படையினர் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவை உள்ளே வாங்கிச் சுடக்கூடியதா என்றுதான் பார்க்கின்றன. .30 பேரல் இருக்கும்வரை அது மாவட்ட அளவில் லைசென்ஸ் கிடைக்கும் சாதாரணக் கைத்துப்பாக்கி. 9 மி.மீ. பேரல் ஏறிய நிமிடம், மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் தொடவே கூடாத வகைக்குப் போய்விடுகிறது. பழைய லைசென்ஸ் அதைக் காப்பாற்றாது. தடைசெய்யப்பட்ட ஆயுதங்களைப் பற்றிய பிரிவு 7-ஐ மீறி அப்படி ஒன்றை வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, 14 ஆண்டு வரை போகலாம். பேரலை மாற்றிக் கொடுத்த மெக்கானிக்குக்கும் தனியாக வழக்கு உண்டு.

விமான நிலையத்தில் பையின் மூலையில் ஒற்றைத் தோட்டா கிடந்து மாட்டியவர்களை உயர் நீதிமன்றங்கள் விடுவித்த செய்திகளை நீங்கள் படித்திருக்கலாம். அங்கெல்லாம் வாதம், அது பையில் இருந்ததே தெரியாது என்பது. துணி சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்த பேரலுக்கு அந்த வாதம் எடுபடாது. அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போதே இன்னொரு தடையும் இருக்கிறது: கைத்துப்பாக்கிப் பேரல், அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருள்.

சரி, உங்கள் பிஸ்டலுக்கு வருவோம்.

நண்பர் சொன்னது பாதி உண்மை. 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டரசுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஃபிரேம் அல்லது ரிசீவரை, அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் உடற்பகுதியைத்தான் துப்பாக்கி என்கிறது. சீரியல் எண் இருப்பதும் அதில்தான். பேரல், ஸ்லைடு, ஸ்பிரிங் எல்லாம் அந்தச் சட்டத்துக்கு உதிரிபாகம். ஆனால் நீங்கள் இருப்பது நியூயார்க்கில், மாநிலச் சட்டம் வேறு கேள்விகள் கேட்கிறது.

அதில் முதலாவது, பேரலின் முனை. ஸ்லைடைத் தாண்டி அரை அங்குலம் நீட்டி, திருகு மரை போட்டுத்தான் பல மாற்றுப் பேரல்கள் விற்பனைக்கு வருகின்றன. மரையைக் காக்க ஒரு மூடியும் சேர்த்துத் தருவார்கள், பார்க்க அழகாகவே இருக்கும். கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) உள்ள செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் சைலன்சர் மாதிரியானவற்றை ஏற்கும் மரை போட்ட பேரல் இருந்தாலே, 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நியூயார்க்கில் அது 'தாக்குதல் ஆயுதம்'. சைலன்சர் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதில்லை, மாட்டும் எண்ணமும் தேவையில்லை. வகுப்பு டி பெருங்குற்றம், அதிகபட்சம் 7 ஆண்டு. மூடி போட்டிருக்கிறதே என்பது பதில் ஆகாது, திருகினால் வந்துவிடுகிறது. கலிபோர்னியாவிலும் கிட்டத்தட்ட இதே விதிதான். ஆகவே மரை இல்லாத, ஸ்லைடோடு சமமாக நிற்கும் பேரல் மட்டும்.

அடுத்து லைசென்ஸ். நியூயார்க் சட்டப்படி அதில் தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண்ணோடு காலிபரும் குறிப்பிட வேண்டும். உங்கள் தாளில் .40 என்று இருக்கும். பேரலை வாங்கி அலமாரியில் வைப்பதால் அது பொய்யாகாது. அதை மாட்டிக்கொண்டு காரில் போகும்போது நிறுத்தினால், தாளில் ஒன்று, கையில் ஒன்று. வழக்கு நிற்குமா என்பது அப்புறம். விளக்கம் சொல்லும் வேலை உங்கள் தலையில். உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கு, வாங்கும் முன்பே, அதே சீரியல் எண்ணுக்கு 9 மி.மீ. பேரலும் வைத்துக்கொள்ளப் போகிறேன், திருத்தம் தேவையா என்று எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் கேட்டு "பரவாயில்லை சார்" என்று பதில் வாங்குவதில் பயனில்லை. யார் சொன்னது என்று நாளை உங்களுக்கே நினைவிருக்காது.

மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது என்பது தெரிந்திருக்கும். .40-க்கு என்று 10 எண்ணிக்கையில் செய்த மேகசினில், ஒல்லியான 9 மி.மீ. தோட்டா பதினொன்றாவதும் நுழையக்கூடும். அதையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம், 9 மி.மீ.க்கென்று 10 தோட்டா மேகசின் தனியாக வாங்கிவிடுங்கள்.

வாங்கும்போது '.40-இலிருந்து 9-க்கு' என்று உங்கள் மாடலுக்கே செய்த மாற்றுப் பேரலா என்று பாருங்கள். சாதாரண 9 மி.மீ. பேரல் உங்கள் ஸ்லைடில் ஒழுங்காக உட்காராது. .357 சிக் என்ற வேறு வகைத் தோட்டாவுக்கான பேரல் என்றால் சுலபம், அந்தத் தோட்டாவே .40-இன் கழுத்தைக் குறுக்கி 1994-இல் செய்ததுதான். ஆனால் தோட்டா விலை குறையாது.

எப்போதாவது வேலை மாறி ஐரோப்பா போனால் இந்தக் கணக்கு மொத்தமும் தலைகீழ். அங்கே பேரலே முக்கிய பாகம், துப்பாக்கிக்கு உள்ள கட்டுப்பாடு அதற்கும் உண்டு. ஜெர்மனியில் பதிவான துப்பாக்கிக்கு அதே காலிபர் அல்லது அதைவிடச் சிறிய காலிபர் பேரல் வாங்கத் தனி அனுமதி வேண்டாம், ஆனால் வாங்கியதைப் பதிவு செய்தாக வேண்டும்.

மச்சானுக்கு வழி இல்லாமல் இல்லை. .30-ஐ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ, லைசென்ஸ் உள்ள வேறொருவரிடமோ கொடுத்துவிட்டு .32 வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தோட்டா இந்தியாவிலேயே தயாராகிறது. தனி நபருக்கு விற்பதானால், மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ முன்கூட்டியே எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். புதியது வாங்குமுன் லைசென்ஸில் திருத்தமும் வாங்கிவிடச் சொல்லுங்கள்.