காசாவுக்கு லிஃப்ட் கேட்டுப் போகலாமா?

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழியும் செப்டம்பரில் இமாசலப் பிரதேசம் போகிறோம். மணாலியிலிருந்து ஸ்பிதி பள்ளத்தாக்கில் இருக்கும் காசாவுக்கு லிஃப்ட் கேட்டே போய்விடலாம் என்று பலரும் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கும் இந்தி அரைகுறைதான். பெண்கள் மட்டும் இப்படிப் போவது பாதுகாப்பா? லாரியில் ஏறலாமா? காசு கொடுக்க வேண்டுமா? லிஃப்ட் என்று சொன்னால் வீட்டில் விடமாட்டார்கள். சொல்லாமல் போய்வரலாமா? (வாசகி, மதுரை)

பதில்: போகலாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வழியை அப்படியே திருப்பிப் போடுங்கள். சிம்லா, கின்னௌர் வழியாகப் பேருந்தில் காசாவுக்குப் போங்கள். திரும்பும்போது காசாவிலிருந்து மணாலிக்கு லிஃப்ட் கேளுங்கள்.

முதல் காரணம் உயரம். மணாலி சுமார் 2,050 மீட்டர். அங்கிருந்து கிளம்பினால் அன்றைக்கே 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் குன்சும் கணவாயைத் தாண்டி, இரவு 3,700 மீட்டரில் இருக்கும் காசாவில் படுக்க வேண்டும். மதுரையிலிருந்து போகிற உடம்புக்கு இது அதிகம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று ஆரம்பிக்கும். சொந்தச் செலவில் டாக்சி பிடித்திருந்தால் "திருப்புங்கள், கீழே போவோம்" என்று சொல்லலாம். லிஃப்ட் கொடுத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லக் கூச்சப்பட்டே பலர் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அதுதான் ஆபத்து. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், படுக்கும் இடத்தின் உயரத்தை ஓரிரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கின்னௌர் வழி இதற்குத் தானாகவே ஒத்துவரும். கின்னௌர் மாவட்டத் தலைநகரான ரெக்காங் பியோவுக்கு மேலே கல்பாவில் ஓரிரவு, டாபோவில் ஓரிரவு, அப்புறம் காசா. டாபோவில் 996-ஆம் ஆண்டில் தொடங்கிய மடாலயம் இருக்கிறது. வெளியே பார்த்தால் வெறும் மண்சுவர், உள்ளே சுவரெல்லாம் ஓவியம். உடம்பு பழகுவதற்காகத் தங்கினாலும் அந்த ஒரு நாள் வீணாகாது. ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்கு இமாசல அரசுப் பேருந்து அதிகாலையில் கிளம்புகிறது. இந்தியர்களுக்கு இந்த வழியில் தனி அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை, ஆதார் போதும்.

இரண்டாவது காரணம், லிஃப்ட் எங்கே எளிதாகக் கிடைக்கும் என்பது. 2020 அக்டோபரில், மணாலிக்கு வடக்கே மலையைக் குடைந்து போட்ட அடல் சுரங்கப்பாதை திறந்தபின் மணாலியிலிருந்து வடக்கே போகும் கார்களில் பெரும்பாலானவை சுரங்கத்தைத் தாண்டியதும் வரும் சிஸ்ஸுவில் படம் எடுத்துவிட்டு மாலையில் திரும்புகிறவை, இல்லையென்றால் கேலாங், லே பக்கம் போகிறவை. சுரங்கத்தின் வடக்கு வாயிலைத் தாண்டி, சந்திரா ஆற்றுப் பாலத்தையும் கடந்தபின் இடது பக்கம் போனால் லே, வலது பக்கம் போனால் கோக்சர், காசா. வலது பக்கம் திரும்புகிற வண்டி குறைவு. அதுவும் விடியும் முன்பே ஆளும் மூட்டையுமாக நிரம்பி வந்துவிடும். மணாலி கடைவீதியில் கை நீட்டி நிற்பது வெயில் காய்வதற்குத்தான் உதவும்.

காசாவில் நிலைமை வேறு. சிம்லா வழியாகக் காரில் ஏறி வந்தவர்களில் பெரும்பாலோர் குன்சும் வழியாகவே மணாலிக்கு இறங்குகிறார்கள். எல்லோரும் ஒரே ஊரில், ஒரே மாதிரி விடுதிகளில் தங்கி, ஒரே சாலையில், அநேகமாக ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். ஆகவே, காசாவில் லிஃப்ட் முடிவாவது சாலையில் அல்ல, முந்தைய நாள் மாலையில். தங்கும் விடுதிக்காரரிடம் "நாளைக்கு மணாலி போகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். சாப்பிடும் இடத்தில் பக்கத்து மேசையில் கேளுங்கள். உங்கள் பாதுகாப்பும் இதில்தான் இருக்கிறது. ஓடிவந்து நிற்கும் வண்டியைப் பத்து நொடியில் எடை போட வேண்டும். நின்றிருக்கும் வண்டியை, அதன் ஆட்களை, அவர்கள் குடிக்கிறார்களா, பரிசாரகரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையெல்லாம் ஒரு மணி நேரம் நிதானமாகப் பார்க்கலாம். அவர்களும் உங்களைப் பார்ப்பார்கள், அதுவும் நல்லதுதான்.

யாரோடு ஏறுவது? பெண்களோ குழந்தைகளோ இருக்கும் குடும்பத்துக்கு முதலிடம். கணவன் மனைவியாக வந்தவர்கள், ஊர்க்காரர்கள் சேர்ந்து போகும் பிக்கப், அரசு வேலையாக இறங்கும் ஜீப் என்று அடுத்தடுத்து வரும். நான்கு ஆண்கள் மட்டும் இருக்கும் கார் எவ்வளவு கண்ணியமாகத் தெரிந்தாலும் வேண்டாம். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். தவறாகக் கணித்துவிட்டால், ஆறேழு மணி நேரம் செல்போன் சிக்னல் இல்லாத பாதையில் சரிசெய்ய வழி கிடையாது, அவ்வளவுதான்.

காலையில் ஏறும் முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடங்கள். டயரின் பட்டன்கள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தால் விட்டுவிடுங்கள். ஓட்டுபவர் இரவு தூங்கினாரா என்பது கண்ணிலேயே தெரியும். பின்கதவைத் திறக்கும்போது அதன் விளிம்பைப் பாருங்கள், அங்கே சைல்டு லாக்கின் சின்ன லீவர் இருக்கும். அது போட்டிருந்தால் உள்ளிருந்து கதவு திறக்காது. "அண்ணா, இதை எடுத்துவிடலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடலாம், குழந்தை இருக்கும் வீட்டு வண்டிகளில் அது போட்டே இருக்கும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய பை டிக்கியில் போகட்டும். செல்போன், அடையாள அட்டை, பணம், மருந்து, ஒரு ஸ்வெட்டர் எல்லாம் மடியில் இருக்கும் சின்னப் பையில். இறங்கும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டிக்கிக்கு ஓடாதீர்கள். ஒருத்தி பையை எடுத்து முடிக்கும்வரை இன்னொருத்தி திறந்த கதவருகே நிற்கட்டும்.

கிளம்பும் நேரத்தில் கறாராக இருங்கள். காலை 6 மணி நல்லது, 8 மணிக்கு மேல் கிளம்புகிறவர்களோடு போக வேண்டாம். குன்சுமைத் தாண்டியபின் வரும் பாத்தல், சத்ரு பக்கத்தில் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சாலைக்கு மேலேயே ஓடுகின்றன. அவற்றை அங்கே நாலா என்பார்கள். இரவில் குளிரில் உறைந்து காலையில் கணுக்கால் அளவு ஓடும் நாலா, வெயில் ஏறிப் பனி உருக உருக, பிற்பகலில் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். அடியில் கிடக்கும் உருண்டைக் கற்களில் சின்னக் கார் மாட்டினால் நகராது. ஒரு கார் மாட்டினால் பின்னால் வரும் எல்லா வண்டியும் நிற்கும்.

வழியில் சந்திரதால் ஏரிக்குப் பிரியும் இடத்தில் "இங்கேயே இறங்கிக்கொள்கிறோம்" என்ற ஆசை வரும். கூடாரத்தில் இடம் பதிவு செய்யாமல் இறங்காதீர்கள். 4,300 மீட்டர் உயரம், பக்கத்தில் ஊர் இல்லை. 2023 ஜூலையில் பனி விழுந்து பாதை மூடியபோது ஏரிப் பக்கம் 300 பேர் அளவில் நாள்கணக்கில் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். நீங்கள் போகும் செப்டம்பரில் மழைக்கால மண்சரிவு குறைந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் குன்சும் திறந்திருக்கிறதா என்று முதல்நாள் காசாவில் விசாரித்துவிடுங்கள். நல்ல வண்டி எதுவும் அமையவில்லையா? மணாலிக்குப் பருவகாலத்தில் ஓடும் அரசுப் பேருந்தோ, ஷேர் டாக்சியோ இருக்கிறது. அதற்கான காசை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள். கையில் டிக்கெட் காசு இருப்பவர்தான் பிடிக்காத வண்டியை வேண்டாம் என்று சொல்வார்.

சாலையில் நின்று கேட்க வேண்டியது காசாவைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன தூரங்களுக்குத்தான். கீ, கிப்பர், லாங்சா, ஹிக்கிம் போன்ற ஊர்களுக்குப் பேருந்து குறைவு. ஊர்க்காரர்களே கை காட்டித்தான் போகிறார்கள். அங்கே கட்டைவிரலை உயர்த்தினால் பதிலுக்கு அவர்களும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளங்கை தரையைப் பார்க்க, கையை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். வளைவில் நிற்காதீர்கள், வண்டி ஒதுங்க இடமுள்ள நேர்ப்பாதையில் நில்லுங்கள். குளிர் கண்ணாடியைக் கழற்றுங்கள், முகம் தெரியட்டும். "ஜூலே" என்று வணக்கம் சொல்லுங்கள். அதன்பிறகு நீங்கள் போகும் ஊரை முதலில் சொல்லாமல், "ஆப் கஹான் ஜா ரஹே ஹைன்?" (எங்கே போகிறீர்கள்?) என்று அவரைக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் அந்தச் சில நொடிகளில் வண்டிக்குள் பார்த்துவிடலாம். சரியில்லை என்று தோன்றினால், அவர் எந்த ஊரைச் சொன்னாலும் நீங்கள் வேறு ஊர். சண்டையும் இல்லை, சங்கடமும் இல்லை. இறங்க வேண்டும் என்றால் "பஸ், யஹீன் உதார் தீஜியே" (போதும், இங்கேயே இறக்கிவிடுங்கள்). இந்த இரண்டு வாக்கியம் வாயில் தடுமாறாமல் வர வேண்டும், மீதி இந்தி அரைகுறையாகவே இருக்கட்டும்.

பைக்கில் வருகிற நம்ம ஊர் ஆட்களும் கண்ணில் படுவார்கள். டி.என். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருக்கும். பின்னால் மூட்டை கட்டியிருப்பதால் இடம் இருக்காது. இருந்தாலும், உங்களுக்கு ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது.

லாரிக்கு வருகிறேன். மலைச்சாலை லாரி ஓட்டுநர்களைப் பற்றி ஊரில் இருக்கும் பயம் தேவைக்கு அதிகம். அவர்களில் பலர் தங்கள் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிற ஆட்கள். என் தயக்கம் வேறு. லாரி மெதுவாகப் போகும், இருட்டினால் நடுவழியில் டாபாவில் நிறுத்திவிடுவார்கள், படுக்க இருப்பது அந்த கேபின்தான். அதனால் இரண்டு பெண்களுக்கு, பகலிலேயே போய்ச்சேரும் குறுகிய தூரத்துக்கு மட்டும் லாரி சரி. இன்னொன்று, சரக்கு வண்டியில் இலவசமாக ஏறியவருக்கு விபத்து நேர்ந்தால், கட்டாய மூன்றாம் நபர் காப்பீட்டின் கீழ் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனியார் காரிலும் வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இதே சிக்கல்தான். கிளம்பும் முன் உங்கள் பெயரில் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தைக் கதவைத் திறக்கும் முன்பே பேசிவிடுங்கள். நம்பர் பிளேட் மஞ்சளாக இருந்தால் அது வாடகை வண்டி, காசு கேட்பது அவர் தொழில். வெள்ளையாக இருந்தால் தனியார் வண்டி; அதில் காசு வாங்கி ஆள் ஏற்றுவது 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதி இல்லாத தொழிலாகிவிடும், மாட்டிக்கொள்வது அவர்தான். டாக்சிக்காரர்களும் இதைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஆகவே குடும்பத்தோடு ஏறினால் ரூபாயை நீட்டாதீர்கள். லோசரிலோ பாத்தலிலோ சாப்பிட நிறுத்தும்போது, அவர்கள் எழுவதற்கு முன் போய் மொத்த பில்லையும் கட்டிவிடுங்கள்.

கடைசியாக வீடு. சொல்லாமல் போகாதீர்கள். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் அக்காவிடமோ தம்பியிடமோ சொல்லுங்கள், யாராவது ஒருவருக்கு முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஓட்டுபவர் பார்க்கும்படியே எடுங்கள், "வீட்டில் கேட்பார்கள்" என்றால் போதும். நல்லவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்; கோபித்துக்கொண்டால் அந்த வண்டியை விட்டுவிடலாம். படம் போய்ச்சேர்ந்ததா என்று காசாவில் சிக்னல் இருக்கும்போதே பாருங்கள். வழியில் பேச முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மதியம் போன் எடுக்கவில்லை என்று யாரும் பதற வேண்டாம். இரவு 10 மணி வரை செய்தி வராவிட்டால், விவரம் தெரிந்த அந்த ஒருவர் மணாலி விடுதிக்கு அழைக்க வேண்டும், அங்கேயும் நீங்கள் வந்து சேரவில்லை என்றால் போலீசுக்கு. இமாசலில் இருக்கும் உங்களுக்கு 112 போதும். மதுரையிலிருந்து 112 அழைத்தால் அது தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும், அதனால் காசா, மணாலி காவல் நிலையங்களின் எண்களைத் தேடி எழுதி அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.