மாசி பிறந்ததிலிருந்து வேகம் குறைகிறது. ஓட்டக் குழுவிலிருந்து விலகலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் ஓர் ஓட்டக் குழுவில் ஐப்பசியில் சேர்ந்தேன். மார்கழியிலும் தையிலும் எல்லோருடனும் சேர்ந்து ஓட முடிந்தது. மாசி பிறந்ததிலிருந்து மூச்சு வாங்குகிறது, பின்தங்கிவிடுகிறேன். மழை வரும்வரை விலகி இருக்கலாமா? தொடர்ந்தால் எப்படிப் பயிற்சி செய்வது?

விலக வேண்டாம் என்பதே என் பதில். இதே ஊரில் விடியற்காலையில் கூடி ஓடும் ஒரு சிறு குழுவில் நானும் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மாசிக்கும் சித்திரைக்கும் இடையில்தான் எங்கள் குழுவில் ஆட்கள் குறைகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் உடம்புக்கு முடியாமல் நிற்பதில்லை; தம் பலம் குன்றிவிட்டதாகத் தாமே முடிவு செய்து, பின்னால் தனியாக ஓடிவரக் கூச்சப்பட்டு நின்றுவிடுகிறார்கள். நீங்களும் அந்த இடத்தில் இருப்பதாகத் தோன்றுவதால், வேகம் ஏன் குறைகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஓடும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடல் பெரிதும் நம்பியிருப்பது வியர்வையைத்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதுமாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். ஆனால் அது ஆவியாக வேண்டும். சொட்டித் தரையில் விழும் வியர்வையால் பயன் மிகக் குறைவு. மதுரையையும் வேலூரையும் போல 40 டிகிரியை எட்டும் ஊரல்ல நம்முடையது. இருந்தும் கடல் மிக அருகில் இருப்பதால் பங்குனி விடியலில் காற்று ஈரம் நிறைந்து கனத்திருக்கிறது, வியர்வை காய்வதில்லை. உடல் சூடேற ஏற, தோலைக் குளிர்விக்கக் கூடுதல் இரத்தம் அங்கே போக வேண்டியிருக்கிறது. கால் தசைகளுக்கும் அதே இரத்தம்தான் வேண்டும். இரண்டு தேவைகளையும் ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. தையில் உங்களுக்கு எளிதாக இருந்த அதே வேகம் இப்போது மூச்சிரைக்க வைப்பதற்கு இதுவே காரணம். நான்கு மாதம் உழைத்துச் சேர்த்த பயிற்சி எங்கும் போய்விடவில்லை.

இதனுடன் பலரும் கவனிக்காத இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தை மாதத்தில் நாகர்கோவிலில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ காலை 6.40 மணிக்கு, சித்திரை பிறக்கும்போது அது 6.10 மணியை ஒட்டி வந்துவிடுகிறது. ஏப்ரல் 10, 11 தேதிகளை ஒட்டி நண்பகலில் சூரியன் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் உச்சிக்கு நேர் மேலே நிற்கிறது. குழு வழக்கம்போல 5.30 மணிக்கே புறப்பட்டுக்கொண்டிருந்தால், தையில் முழுக்க இருட்டிலும் பனியிலும் முடிந்த ஓட்டத்தின் கடைசிப் பகுதி பங்குனியில் வெயிலில் விழுகிறது. ஆகவே உங்கள் குழுவில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, புறப்படும் நேரத்தை அரை மணி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான்.

விலகக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு உடலியல் காரணமும் உண்டு. வெயிலிலும் ஈரக் காற்றிலும் தொடர்ந்து மிதமாக உழைத்தால் உடல் 10 முதல் 14 நாட்களில் அதற்குப் பெருமளவு பழகிவிடுகிறது. முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. பிறகு வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கத் தொடங்குகிறது. அதில் வீணாகும் உப்பு குறைகிறது. பயிற்சியை நிறுத்தினால் இந்தப் பழக்கம் சில வாரங்களில் போய்விடும். மாசியில் விலகிச் சித்திரையில் ஆசைப்பட்டுத் திரும்பி வருபவர், மற்றவர்கள் பழகி முடித்த வெப்பத்தை அது உச்சத்தில் இருக்கும்போது முதன்முறையாகச் சந்திக்கிறார். இப்போதே மெதுவாகத் தொடர்வது அதைவிடப் பாதுகாப்பானது.

இந்தப் பருவத்தில் எப்படி ஓடுவது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே மிகப் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்தைத்தான் சொல்கிறேன். முன்சிறைக்கு அருகிலுள்ள திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் 12 சிவாலயங்களைத் தரிசித்துத் திருநட்டாலத்தில் முடியும் அந்தப் பாதை 100 கிலோமீட்டருக்கும் அதிகம். அதில் செல்பவர்கள் விரதத்தின் பொருட்டும் பக்தியின் பொருட்டும் செய்வனவற்றை ஓட்டப் பயிற்சியின் கண்ணோடு பாருங்கள். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து ஈர வேட்டியோடு அடுத்த கோயிலுக்குக் கிளம்புகிறார்கள். கையில் பனையோலை விசிறி வைத்திருக்கிறார்கள். வழிநெடுக ஊர்க்காரர்கள் தரும் மோரையும் சுக்குநீரையும் பானகத்தையும் நின்று குடிக்கிறார்கள். ஓடுகிறார்கள், நடக்கிறார்கள், மறுபடி ஓடுகிறார்கள். ‘கோபாலா, கோவிந்தா’ என்று வாய்விட்டு அழைத்துக்கொண்டே போவதால், குரல் எழுப்ப முடியாத அளவு மூச்சு வாங்கும் வேகத்தில் அவர்கள் போவதற்கில்லை. உடலை நனைப்பது, விசிறுவது, இடையிடையே நடப்பது, பேச முடிகிற வேகத்தில் ஓடுவது ஆகிய இந்த நான்கையும்தான் இன்றைய பயிற்சியாளர்களும் வெயில் காலத்துக்குப் பரிந்துரைக்கிறார்கள். எங்கள் குழுவிலிருந்து ஆண்டுதோறும் சிலர் சிவாலய ஓட்டத்துக்குப் போகிறார்கள். திரும்பி வந்த பிறகு கடிகாரம் பார்த்து ஓடும் அவசரம் அவர்களிடம் வெகுவாகக் குறைந்திருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

ஆகவே பங்குனி முடியும்வரை வேகத்தை உங்கள் மூச்சே முடிவு செய்யட்டும். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிந்தால் அந்த வேகம் போதும். முடியாவிட்டால் குறைத்துவிடுங்கள் அல்லது நடந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு விரைவோட்டப் பயிற்சி எதுவும் வேண்டாம். அதன்பின் வாரத்தில் ஒரு நாள் மட்டும், அதுவும் விடிவதற்கு முன், சிறு சிறு துண்டுகளாக வேகமாக ஓடி, இடையில் தாராளமாக நடந்து இளைப்பாறலாம். நீண்ட ஓட்டத்தைத் தூரத்தைக் கொண்டு அளக்காமல் நேரத்தைக் கொண்டு அளப்பது நல்லது. ஒரு மணி நேரம் ஓடுவது என்று முடிவு செய்துவிட்டால், அந்த ஒரு மணியில் நீங்கள் ஒன்பது கிலோமீட்டர் போனாலும் ஏழு போனாலும் உடலுக்குக் கிடைக்கும் பயிற்சி ஏறக்குறைய ஒன்றுதான்.

பாதையையும் பருவத்தோடு சேர்த்து மாற்றுங்கள். தையில் இலையுதிர்த்து மொட்டையாக நின்ற ரப்பர் மரங்கள் மாசியில் செம்புநிறத் தளிர் விட்டு, பங்குனியில் மறுபடி அடர்ந்த நிழல் தருகின்றன. குலசேகரம், திற்பரப்பு, அருமனை பக்கத்துச் சாலைகள் அப்போது விடிந்த பிறகும் ஓடத் தகுந்தவையாக இருக்கும். இளவேனில் என்ற சொல்லுக்கு நம் மாவட்டத்தில் கண்ணால் காணக்கூடிய பொருள் அந்தத் தளிர்கள்தான் என்று நான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போக வாய்ப்பிருந்தால் தவற விடாதீர்கள். அந்தப் பக்கம் ஏற்ற இறக்கம் அதிகம், ஆகவே ஏற்றங்களில் கூசாமல் நடந்துவிடுங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்களை ஒட்டிய சாலைகள் அழகானவை. ஆனால் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த நாட்களில் சாலையில் காயும் வைக்கோல் வழுக்கும், வெயில் ஏறிவிட்டால் நிழலும் கிடையாது. சங்குத்துறை, முட்டம் போன்ற கடற்கரைகளுக்கு விடியுமுன் போய்விடுவது நல்லது.

இனி குழுவைப் பற்றி. எங்கள் குழுவில் மூத்தவராக இருக்கும் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், யாராவது பின்தங்கினால் திரும்பி ஓடி வந்து, “மக்கா, மூச்சு முட்டுதா? நடந்துக்கோ, நாங்க நிக்கோம்” என்பார். சொன்னபடியே நிற்பார். அவரைப் பார்த்துத்தான் மாசி முதல் வைகாசி வரை ஒவ்வொரு நாளும் ஒருவர் முறைவைத்துக் கடைசி ஆளோடு ஓட வேண்டும் என்ற வழக்கம் எங்களிடம் வந்தது. நேர்ப்பாதையை விட்டுவிட்டுச் சிறு சுற்றுப்பாதையில் ஓடுவதும் அதே நோக்கத்துக்காகத்தான். வேகமானவர் நான்கு சுற்று ஓடும்போது மெதுவானவர் மூன்று ஓடுவார், வழியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், யாரும் தனியாக விடப்படுவதில்லை. அண்ணா விளையாட்டரங்கம் போன்ற இடங்கள் இதற்கு வசதியானவை. புறப்படும் நேரத்தை முன்னே கொண்டுவரும்போது, இருட்டில் தனியாக வீட்டிலிருந்து வர வேண்டிய பெண்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து வர ஏற்பாடு செய்தால் நாய்த் தொல்லைக்கும் அது தீர்வாகும்.

இந்த மாதங்களில் ஆள் குறைவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு, மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா, கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும். நோன்பிருப்பவர் குறைவாக உண்ணும் நாளில் ஓடாமல் நடப்பதே சரி. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருபவரையும் குழுவினராகவே எண்ணி அழைத்துக்கொண்டிருந்தால், வைகாசியில் அவர் தயக்கமின்றித் திரும்பி வருவார்.

தண்ணீரைப் பொறுத்தவரை, ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. இழந்ததைவிட அதிகமாகத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது இரத்தத்தில் உப்பின் அளவைக் குறைத்து ஆபத்தை உண்டாக்கும். உப்பிட்ட கஞ்சித்தண்ணீரும் மோரும் விலையுயர்ந்த பானங்களுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. இப்போது அக்கானியும் (பதநீர்) நுங்கும் கிடைக்கும் காலம். ஓட்டம் முடிந்து எல்லோரும் சேர்ந்து அக்கானி குடிப்பதைப் போன்ற இன்பம் வேறு எந்தப் பருவத்திலும் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓடுபவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்ப மயக்கத்தின் அபாயகரமான நிலையாக இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாகச் சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை எடுப்பவர்கள், வெயில் காலப் பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

வரும் ஞாயிறு உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் நேரத்தையும் சுற்றுப்பாதையையும் பற்றிக் கேளுங்கள். உங்களைப் போலவே பின்தங்கி, வாய் திறக்காமல் இருப்பவர்கள் இன்னும் சிலர் அங்கே இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து ஓடுங்கள். வேகத்தை அளக்க ஆசையிருந்தால் ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்வரை பொறுத்திருந்து, தையில் ஓடிய அதே பாதையில் அதே மூச்சளவில் ஓடி நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முன் எடுக்கும் எந்தக் கணக்கும் உங்களைப் பற்றிச் சரியாகச் சொல்லாது.