இரட்டையரில் ஒருத்திக்கு மட்டும் எடை கூடுவது ஏன்?

கேள்வி: எனக்கு 16 வயதில் இரட்டைப் பெண்கள். அச்சில் வார்த்ததுபோல் ஒரே முகச்சாயல். இருவரும் 155 சென்டிமீட்டர் உயரம். 13 வயது வரை எடையும் ஒன்றாகவே இருந்தது. இப்போது மூத்தவள் 51 கிலோ, இளையவள் 60 கிலோ. இளையவளுக்கு மாதவிடாய் மூன்று, நான்கு மாதங்கள் வரை தள்ளிப்போகிறது. என் அம்மா, அக்கா எல்லாருமே பருமன்தான். உடல் எடையில் 70 சதவீதம் மரபணுதான் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்வதாகப் படித்தேன். அப்படியானால் இவர்கள் எடை ஏன் வேறுபடுகிறது? எல்லாம் மரபணு என்றால் உணவைக் கட்டுப்படுத்தி என்ன பயன்?

பதில்: நீங்கள் படித்த எண்ணில் பெரிய தவறில்லை; அதைப் பொருள்கொள்ளும் விதத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். 70 சதவீதம் என்றால், உங்கள் இளைய மகளின் 60 கிலோவில் 42 கிலோ மரபணுவால் வந்தது, மீதி உணவால் வந்தது என்று பொருளல்ல. ஒரு மக்கள்கூட்டத்தில் ஒருவருக்கொருவர் எடை வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாடுகளைக் கொண்டு விளக்கலாம் என்பதையே அந்த எண் சொல்கிறது. தனி ஒருவரின் எடையை அவ்வாறு கூறுபோட்டுக் காட்ட எந்த ஆய்வாலும் இயலாது.

இந்தக் கணக்குக்கு இரட்டையர் ஏன் தேவைப்படுகிறார்கள் என்றால், ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்களுக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றாகவும், இரு வேறு கருக்களிலிருந்து பிறப்பவர்களுக்குச் சாதாரண உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதியளவு ஒன்றாகவும் இருக்கின்றன. முதல் வகையினரின் எடை ஒற்றுமை இரண்டாம் வகையினருடையதைவிட எவ்வளவு அதிகமோ, அதிலிருந்து மரபின் பங்கைக் கணிக்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே சமையலில் வளர்ந்ததால்தானே எடையும் ஒத்திருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஐயம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் அவரது குழுவினரும் சுவீடனில் பிறந்து, சிறு வயதிலேயே பிரிந்து, வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த 93 இணை ஒருகரு இரட்டையரை ஆராய்ந்து 1990இல் முடிவை வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையில், அதாவது பி.எம்.ஐ. அளவில், அவர்களுக்கிடையே இருந்த ஒப்புமை ஆண்களில் 0.70, பெண்களில் 0.66. முழு ஒற்றுமை 1 என்று வைத்துக்கொண்டால், தனித்தனி வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது மிக அதிகம். நீங்கள் படித்த 70 சதவீதம் போன்ற எண்கள் இத்தகைய ஆய்வுகளிலிருந்து வந்தவை.

அதே 1990இல் கனடாவின் கியூபெக்கில் குளோட் பூஷார் நடத்திய ஆய்வு, என் பார்வையில், இதைவிடச் சுவையானது. 12 இணை ஒருகரு இரட்டை இளைஞர்களுக்கு, வாரத்தில் ஆறு நாள் வீதம் மொத்தம் 84 நாட்கள், நாளொன்றுக்கு 1000 கலோரி கூடுதலாக உணவு கொடுத்தார்கள். சராசரியாக 8.1 கிலோ எடை கூடியது. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ என்று கூடியதில் பெரும் ஏற்றத்தாழ்வு இருந்தது. எவ்வளவு கூடும் என்பதில் இணைக்கு இணை இருந்த வேறுபாடு, ஓர் இணைக்குள் இருந்த வேறுபாட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மிகையாக உண்டால் எடை கூடுவது அனைவருக்கும் பொது. எவ்வளவு கூடும் என்பதில்தான் பிறவிக்கூறு நுழைகிறது. “அவன் மூன்று தட்டு சாப்பிட்டும் ஒல்லியாகவே இருக்கிறான்” என்ற வீட்டுப் புலம்பலில் உண்மை உண்டு. ஒரே இணைக்குள்ளும் வேறுபாடு இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

மரபணுவின் செல்வாக்கு வீட்டுக்கு வீடு மாறவும் செய்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2007இல் பிறந்த இரட்டையரைத் தொடரும் ஓர் ஆய்வில், நான்கு வயதுக் குழந்தைகளின் வீட்டுச் சூழலை அளந்தனர். கண்ணுக்கெட்டும் இடத்தில் தின்பண்டம், நாளெல்லாம் தொலைக்காட்சி என்று எடை கூடுவதற்கு வாகான வீடுகளில் பி.எம்.ஐ. வேறுபாட்டில் மரபின் பங்கு 86 சதவீதமாகவும், அவ்வாறு இல்லாத வீடுகளில் 39 சதவீதமாகவும் இருந்தது. உணவைக் கட்டுப்படுத்தி என்ன பயன் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. எடையோடு தொடர்புடைய மரபணுக்களில் பல, மூளையில் பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் ஆள்பவை. எதிரே பலகாரத் தட்டு இல்லாதபோது அவற்றுக்கு வேலை குறைவு.

இனி உங்கள் பெண்களைப் பற்றி. முகச்சாயலை மட்டும் வைத்து இவர்கள் ஒருகரு இரட்டையர் என்று முடிவு செய்ய முடியாது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி ஒன்றே என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஒருகருதான். இரண்டு என்று இருந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது, ஏனெனில் ஒருகரு இரட்டையரிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நஞ்சுக்கொடி தனித்தனியாக இருக்கும். டி.என்.ஏ. பரிசோதனை இதைத் தெளிவாக்கும் என்றாலும், சிகிச்சைக்கு அது தேவையில்லை, பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

மூத்தவளின் பி.எம்.ஐ. ஏறத்தாழ 21, இளையவளுடையது 25. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கான வளர்ச்சி அட்டவணைப்படி இளையவள் மிகை எடையில் இருக்கிறாள், உடல்பருமன் என்ற நிலைக்கு இன்னும் போகவில்லை. எனக்குக் கவலை தருவது 9 கிலோ வேறுபாடு அல்ல, தள்ளிப்போகும் மாதவிடாய். பூப்பெய்தி ஓராண்டு கடந்த பின் ஒருமுறையேனும் இடைவெளி 90 நாட்களைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி எனப் பேச்சுவழக்கில் சொல்லும் பி.சி.ஓ.எஸ். ஆகிய இரண்டும் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. பி.சி.ஓ.எஸ். எடையைக் கூட்டும், கூடிய எடை அதை மேலும் வலுப்படுத்தும். இந்த வயதில் ஸ்கேனில் நீர்க்கட்டிகள் தெரிவதை மட்டும் வைத்து அந்நோய் என்று முடிவு கட்டக் கூடாது. இயல்பான பெண்களுக்கும் அப்படித் தெரிவதுண்டு. முகத்தில் முடி வளர்ச்சி, கடுமையான பரு, கழுத்து மடிப்பில் கருமை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து, தைராய்டு, ஆண் ஹார்மோன், புரோலாக்டின், இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைகளை மகப்பேறு மருத்துவரோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரோ எழுதித் தருவார். 13 வயதுக்குப் பின் தொடங்கிய மருந்துகள் ஏதேனும் இருந்தால், குறிப்பாக ஸ்டீராய்டு, அவற்றின் சீட்டுகளையும் கொண்டு செல்லுங்கள்.

ஒரே வீட்டில் ஒருத்திக்கு மட்டும் பத்தியம் வைக்காதீர்கள். பலகார டப்பாவும் குளிர்பானமும் வீட்டுக்குள் வருவதைக் குறைத்தால் இருவருக்கும் குறையும். “அக்காவைப் பார்” என்ற பேச்சு எடையைக் குறைத்து நான் கண்டதில்லை, ஒளித்து உண்ணும் பழக்கத்தைத் தொடங்கி வைத்துக் கண்டிருக்கிறேன். மருத்துவரிடம் மூத்தவளையும் அழைத்துச் செல்லுங்கள், பி.சி.ஓ.எஸ்.ஸுக்கும் மரபுத் தொடர்பு வலுவாக இருப்பதால், தங்கைக்கு அது உறுதியானால் அக்காவின் மாதவிடாய்த் தேதிகளையும் இன்றிலிருந்தே குறித்து வைப்பது நல்லது.