கேளுங்கள், சொல்கிறேன்: போடியார் மூட்டை தூக்குவதில்லை

கேள்வி: சேர், நான் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தின் தரவுகள் பல நாட்டு சேர்வர்களுக்கு கொப்பி ஆகின்றன என்று படித்தேன். ஓர் ஆய்வாளர் ஒரு நாட்டு சேர்வரில் இருந்து இன்னொரு நாட்டு சேர்வருக்குக் கோப்பு அனுப்பினால், அது அவருடைய மடிக்கணினிக்கு இறங்கித்தானே ஏறவேண்டும்? என் டொங்கிளில் ஒரு படம் இறக்கவே விடிந்துவிடுகிறது.
– மாணவி, வந்தாறுமூலை

பதில்: இறங்கத் தேவையில்லை, மகள். இறங்கினால் ஆராய்ச்சியே நடக்காது. 10 மெகாபிட் இணைப்பில் 1 டெராபைட் இறக்க மட்டும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். அப்புறம் அதை ஏற்றவும் வேண்டுமே.

என் பெரியப்பா போடியார், அதாவது நிறைய வயல் வைத்திருப்பவர். வீடு களுவாஞ்சிகுடியில், வயல் படுவான்கரையில், மில் கல்முனையில். அறுவடை முடிந்ததும் அவர் ஒரு மூட்டையையும் தொடமாட்டார். ஒரு துண்டு எழுதி மில்காரரிடம் கொடுப்பார். மில் லொறி வட்டைக்குப் போய், வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரரிடம் அந்தத் துண்டைக் காட்டி ஏற்றிக்கொள்ளும். திரும்பும்போது பட்டிருப்புப் பாலம் கடந்து எங்கள் பக்கமாகத்தான் வரும், ஆனாலும் நிற்காது.

நீங்கள் படித்த அந்தப் பல நாட்டு சேர்வர்களின் வலைக்கு கிரிட் என்று பெயர். அங்கேயும் இதே வேலைதான். இந்த முறையை மூன்றாம் தரப்புக் கொப்பி என்பார்கள். உங்கள் மடிக்கணினி, கோப்பு போய்ச் சேரவேண்டிய சேர்வருக்கு ஒரு கட்டளை அனுப்பும்: கோப்பு இன்ன முகவரியில் இருக்கிறது, இந்தா டோக்கன், போய் எடுத்துக்கொள். டோக்கன்தான் பெரியப்பாவின் துண்டு. அந்த சேர்வர் மற்ற சேர்வரிடம் நேரே போய் இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு வருவது சில விநாடிக்கு ஒருமுறை ‘இத்தனை பைட் வந்தது’ என்ற சின்னச் செய்தியும், கடைசியில் முடிந்ததா இல்லையா என்பதும்தான். டொங்கிளுக்கு அது கடுகளவு.

ஒரு வில்லங்கம் உண்டு. இடையில் உங்கள் தொடர்பு அறுந்தால் பெரும்பாலும் வேலையும் நின்றுவிடும். அதனால் இதைக் கையால் செய்யாமல், சேர்னில் உருவான எஃப்டிஎஸ் என்ற சேவையிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அது வரிசை பிடிக்கும், பாதை நெருக்கமானால் ஒரே நேரத்தில் போகும் கோப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், தோற்றதைத் திரும்ப அனுப்பும். 40க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 கணினி நிலையங்கள் இணைந்த வலை இந்த கிரிட், கண்காணி இல்லாமல் சரிவராது.

முன்பு இதற்கெல்லாம் கிரிட்எஃப்டிபி என்ற நெறிமுறைதான். தூரப் பாதையில் ஒரே இணைப்பு மந்தமாகும் என்று பல இணைப்புகளைச் சமாந்தரமாகத் திறக்கும் கெட்டிக்காரன். அதைத் தாங்கிய குளோபஸ் மென்பொருள் தொகுதிக்கான ஆதரவு 2018இல் நின்றதும், நாம் தினமும் இணையம் பார்க்கும் அதே எச்டிடிபிக்கு மாறினார்கள்.

அந்தப் பழைய காலத்தில் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் சேமிப்பு சேர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஒருநாள் இரவு எட்டரைக்கு ப்ரொக்சிச் சான்றிதழ் (டோக்கனைப் போல அப்போதைய தற்காலிக அனுமதிச் சீட்டு) எடுத்து, நூற்றுக்கணக்கான கோப்புகளை வரிசையில் போட்டுவிட்டுப் படுத்தேன். அதன் ஆயுள் 12 மணித்தியாலம் என்பது நினைவில் இல்லை. மறுநாள் எட்டரையோடு எல்லாம் சிவப்பு. வலையமைப்பைத் திட்டிக்கொண்டே மத்தியானம்வரை தேடினேன்!

கேள்வி: இரண்டு பக்கமும் கோப்பின் அளவு ஒன்றாக இருந்தால் சரிதானே? செக்சம் எதற்கு?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மூட்டை எண்ணிக்கை சரி, தம்பி. உள்ளே நெல்லா பதரா? அளவு மாறாமலே இடையில் ஒரு பிட் புரளலாம். அதனால் கோப்பு முழுவதையும் கணக்குப் போட்டு ஒரு சிறு எண்ணாகச் சுருக்கி, இரு பக்கமும் ஒப்பிடுவார்கள். கிரிட்டில் பெரும்பாலும் அட்லர்-32. எட்டே எழுத்தில் எழுதிவிடலாம், கணிப்பதும் வேகம். தற்செயலான பிழையைப் பிடிக்க அது போதும். வேண்டுமென்றே கோப்பை மாற்றும் கள்ளனை அது பிடிக்காது.

கேள்வி: கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோக்களை ஒரு கிளவுட்டில் இருந்து வேறு நிறுவனத்தின் கிளவுட்டுக்கு இப்படி மாற்றலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: இரண்டும் ஒரே நிறுவனம் என்றால் பல நேரம் உள்ளுக்குள்ளேயே மாற்றலாம். வேறு வேறு என்றால், ஆர்குளோன் போன்ற கருவிகளை உங்கள் கணினியில் ஓடவிடும்போது தரவு உங்கள் இணைப்பு வழியாகத்தான் போய்வரும். மூலப் பிரதி கடையில் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா? அப்படியானால் கீழே இறக்கவே வேண்டாம். அதிலிருந்து நேரே ஏற்றுங்கள்.