கடல் படித்தவர்களுக்கு வேலை எங்கே?

கேள்வி: எம்.எஸ்சி. கடல் உயிரியல் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ‘கடல் விஞ்ஞானி’ என்று தேடினால் ஒரு வேலையும் கண்ணில் படுவதில்லை. வீட்டில் பி.எட். படி என்கிறார்கள். என்ன செய்ய?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காதுதான். திட்ட உதவியாளர், ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்), கள உதவியாளர் என்றுதான் அறிவிப்பு வரும், அதுவும் நிறுவனத்தின் இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில், குறுகிய கெடுவோடு. பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், அதே வளாகத்தில் கடலோர ஆராய்ச்சி மையம், அப்புறம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், தூத்துக்குடி, சென்னை மையங்கள், இவற்றை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் (2023இல் உயர்த்தியது), வீட்டில் பி.எட். பேச்சு தானாக அடங்கும்.

பட்டம் எல்லாரிடமும் இருக்கிறது, மீனைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. விடியற்காலை மீன் இறங்குதளத்துக்குப் போய், ‘காரல்’ என்று ஒரே பேரில் கொட்டிக் கிடக்கும் கூடையில் கை விடுங்கள், உள்ளே நாலைந்து இனம் கலந்திருக்கும். வாயை மெல்ல இழுத்துப் பாருங்கள், சிலதுக்கு மேல்நோக்கி நீளும், சிலதுக்குக் கீழ்நோக்கி. இதைப் பிரிக்கத் தெரிந்து, எடுத்த அளவுகளை ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு ஒரு வரைபடமும் எடுக்கத் தெரிந்தால் உங்கள் விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

இறால் ஹேச்சரி, அதாவது குஞ்சு பொரிப்பகம் என்றால் பலருக்கு முகம் சுளிக்கிறது, ஏனென்று எனக்குப் புரிவதில்லை. மரக்காணம் பக்கம் போய்ப் பாருங்கள். குஞ்சுகளில் இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பி.சி.ஆர். மரபணுச் சோதனையில் பார்த்துச் சொல்ல அங்கே ஆள் வேண்டும். துறைமுகத்துக்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கும் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் கடலடி உயிர்களை அடையாளம் காண ஆள் தேவை.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. இந்தத் துறைக்கு வரலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தாராளமாக வரலாம். பவளப்பாறை ஆய்வு போன்ற சிலவற்றுக்குத்தான் முக்குளிக்க வேண்டும். படகில் போகிற வேலை என்றால் நீச்சல் கற்றுக்கொள்வது நல்லது, ஆனால் பாதிப் பேருடைய நாள் நுண்ணோக்கி முன்னால்தான் போகும். ஒரு மில்லி தண்ணீர் பிடிக்கிற கண்ணாடிச் சில்லில் கட்டம் கட்டமாக மிதவை உயிர்களை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். கழுத்துதான் வலிக்கும்.